யுபிக்விட்டின் ஒட்டினா அழிவுதானா?

வணக்கம். "யுபிக்விட்டின் ஒட்டினா புரதம் அழிஞ்சிடும்னு படிச்சேன், அப்போ டி.என்.ஏ. உடைஞ்ச இடத்துல ஹிஸ்டோன்ல அதை ஏன் ஒட்டணும்?"னு கேட்டிருக்கீங்க. (யுபிக்விட்டின் ஒரு குட்டிப் புரதம்; ஹிஸ்டோன், டி.என்.ஏ. சுத்தியிருக்கற புரதம்.) சேலத்துல எம்.எஸ்சி. படிக்கறப்போ நானும் இதே கேள்வியில முழிச்சவன்தான்.

பாடப்புத்தகம் பாதிக் கதையோட நிறுத்திடுது. 2004 வேதியியல் நோபல் அந்த அழிக்கிற பாதிக்குத்தான். ஆனா யுபிக்விட்டின்கள் ஒண்ணோட ஒண்ணு கோத்து சங்கிலியாகறப்போ, யுபிக்விட்டினோட எந்த லைசின்ல (ஒரு அமினோ அமிலம்) கோக்குதுன்னு பார்க்கணும். 48-வதுல கோத்தா பெரும்பாலும் புரோட்டியசோம், அதாவது குப்பைத்தொட்டி. 63-வதுல கோத்தா வெறும் அடையாளம்.

ஏற்காடு மலைப்பாதையில மரத்துக்குப் பெயிண்ட் குறி போட்டா வெட்டப் போறாங்க. மண் சரிஞ்ச கொண்டை ஊசி வளைவுல கிளையை ஒடிச்சுப் போட்டு சிவப்புத் துணி கட்டினா? ரிப்பேருக்கு ஆள் வரணும்.

டி.என்.ஏ.வோட ரெண்டு இழையும் உடைஞ்சதும் ஏ.டி.எம். கைனேஸ், பக்கத்து ஹெச்2ஏஎக்ஸ் ஹிஸ்டோன்ல பாஸ்பேட் ஒட்டும். அதை எம்.டி.சி.1-ங்கற புரதம் பிடிச்சுக்கும். அதுமேல ஆர்.என்.எஃப்.8 வந்து உட்காரும், இதுதான் முதல் லைகேஸ், அதாவது யுபிக்விட்டினை ஒட்டற என்சைம். அது போடற 63-சங்கிலியைப் பார்த்து ரெண்டாவது லைகேஸ் ஆர்.என்.எஃப்.168 வந்து, ஹெச்2ஏ-வோட 13, 15-வது லைசின்கள்ல யுபிக்விட்டின் ஒட்டும். 15-ல இருக்கற குறியைப் படிச்சுத்தான் ரிப்பேர் புரதமான 53பிபி1 அங்க வந்து சேரும் (ஹெச்4-ல ஒரு மெத்தில் குறியும் அதுக்கு வேணும்). இதுக்காக ஹிஸ்டோனை யாரும் குப்பைக்கு அனுப்பலை.

செமினார்ல பிஆர்சிஏ1-ங்கற இன்னொரு ரிப்பேர் புரதம் பத்தி நிச்சயம் கேப்பாங்க. அதுவும் லைகேஸ்தான், பார்டு1-ங்கற புரதத்தோட ஜோடி சேர்ந்துதான் வேலை செய்யும்.