பின்சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் வேண்டுமா?

கேள்வி: புதிய கார் வாங்கவிருக்கிறோம். எங்களுக்குப் பிடித்த மாடலில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கும் இருக்கின்றன. டிரம் நூறாண்டுப் பழைய முறை என்றும், நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் உள்ள விலை கூடிய மாடலையே எடுக்குமாறும் ஷோரூமில் வற்புறுத்துகிறார்கள். பெரும்பாலும் ஊருக்குள்ளும், எப்போதாவது நெடுஞ்சாலையிலும் ஓட்டுவோம். கூடுதல் பணம் கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். பழமையைச் சொல்லி டிரம்மை ஒதுக்குவது சரியான வாதமே அல்ல. ஏனெனில் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கிய அதே 1902-இல்தான் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். லான்செஸ்டரின் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் தட்டை இறுகப் பிடித்த செம்புத் துண்டுகள் கிறீச்சிட்டன; அன்றைய புழுதிச் சாலைகளில் விரைவில் தேய்ந்தும் போயின. டிரம்மில், உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூக்கள் எனப்படும் வளைந்த கட்டைகள் மூடிய உருளைக்குள் இருந்ததோடு, சுழலும் டிரம்மே முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்ளும் என்பதால், ஓட்டுநர் குறைந்த விசை கொடுத்தாலே போதுமானதாக இருந்தது. இந்த உதவி டிஸ்க்குக்குக் கிடையாது. 1953-இல் லெ மான் கார் பந்தயத்தில் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் கார் வென்று, 1955-இல் சித்ரோயன் டிஎஸ் காரின் முன்சக்கரங்களில் அது இடம்பெற்ற பிறகே பொதுமக்கள் வாங்கும் கார்களில் பரவலானது.

முன்சக்கரங்களில் டிஸ்க் முதலில் வந்ததற்குக் காரணம் உண்டு. பிரேக்கை அழுத்தியதும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. பின்சக்கரங்களின் பிடிமானம் குறைகிறது. தொடக்ககாலக் கார்கள் பெரும்பாலும் பின்சக்கரங்களை மட்டுமே நிறுத்தின என்பதால் அவை எளிதில் சறுக்கின. 1921-இல் வெளிவந்த டூசன்பர்க் மாடல் ஏ என்ற அமெரிக்கக் கார் நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக், அதாவது திரவ அழுத்தத்தால் இயங்கும், பிரேக் கொடுத்தது. இன்றும் வேலையின் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையதே. வெப்பமும் அங்கேதான் அதிகம் என்பதால், காற்றுப்பட்டு விரைவில் ஆறும் டிஸ்க் அங்கே அவசியம். பின்னால் உள்ள சிறிய பங்குக்கு, உங்களைப் போல ஓட்டுபவர்களுக்கு நல்ல டிரம் போதும். ஹேண்ட் பிரேக்கையும் அதில் எளிதாக அமைத்துவிடலாம். ஆட்களும் சுமையும் நிறைய ஏற்றி அடிக்கடி மலைப்பாதையில் இறங்குபவரானால் என் பதில் மாறும். டிரம்முக்குள் தங்கும் வெப்பத்தால் பிடிப்பு தளர்ந்துவிடும், அப்படியானால் டிஸ்க்கையே எடுங்கள்.

கூடுதல் பணம் கொடுப்பதானால், இஎஸ்சி எனப்படும் சறுக்கல் தடுப்பு வசதி எந்த மாடலில் கிடைக்கிறது என்று முதலில் கேளுங்கள். பிரேக்கை அழுத்தும்போது சக்கரங்கள் சுழலாமல் இறுகிவிடுவதைத் தடுக்கும் ஏபிஎஸ், இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயம் ஆகிவிட்டதால் அதைத் தனிச் சலுகையாகச் சொன்னால் ஏற்காதீர்கள். விலை கூடிய மாடலில்தான் இஎஸ்சி உண்டென்றால், பின்சக்கர டிஸ்க்குக்காக இல்லாவிட்டாலும் இதற்காக அந்த மாடலை வாங்கலாம்.

எதை வாங்கினாலும் பிரேக் ஆயிலை மறக்காதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பிரேக் ஆயில் தரங்களில் ஒன்றான டாட் 4-இன்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியதற்கான வரம்போ 155 டிகிரிதான். கொதித்துக் குமிழி உண்டானால் மிதி உள்ளே இறங்கிவிடும், வண்டி நிற்காது. உற்பத்தியாளரின் கையேட்டில் உள்ள கெடுவின்படி, பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதை முழுவதும் மாற்றச் சொல்லி, ஆயிலின் தரத்தையும் மாற்றிய தேதியையும் சர்வீஸ் பில்லில் எழுதி வாங்குங்கள்.