கறுத்துப்போன வெள்ளி முலாம் கார்னெட்: புளி போட்டுத் தேய்க்கலாமா?

கேள்வி: பேண்டு செட்டில் தாத்தா வாசித்த கார்னெட் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) பரணில் கிடந்தது. பித்தளை மேல் வெள்ளி முலாம். கறுத்துப்போய், அங்கங்கே பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது. வாசிக்கப் போவதில்லை, கண்ணாடி அலமாரியில் வைக்க வேண்டும். புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: வேண்டாம். வெள்ளியின் மேல் படிந்த கறுப்பு சில்வர் சல்ஃபைடு. புளிக்கு அது அசையாது. முலாம் தேய்ந்து பித்தளை தெரியும் இடத்தில்தான் புளி வேலை காட்டும். விரலால் அழுத்தும் வால்வுப் பொத்தான்களில் பதித்த முத்துச்சிப்பியையும் அமிலம் தின்றுவிடும். பாத்திரப் பொடி, பிராஸோ பாலிஷ், பற்பசை எல்லாவற்றிலும் அராவும் துகள் உண்டு. முலாம் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். போன வெள்ளி திரும்பாது.

முதலில் அது வெள்ளிதானா என்று பாருங்கள். நிக்கல் முலாம் இப்படிக் கறுக்காது, சாம்பல் பூத்து மங்கும். அதற்குச் சோப்பு நீரே போதும்.

வால்வுகளைக் கழற்றி 1, 2, 3 என்ற வரிசை மாறாமல் வையுங்கள். அவற்றிலுள்ள ஃபெல்ட் (மெத்தென்ற வட்டு), கார்க் இரண்டும் நனையக் கூடாது. ஸ்லைடு (இழுத்துக் கழற்றும் வளைகுழாய்) இறுகியிருந்தால் மூட்டில் துரு இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஓர் இரவு விடுங்கள். பிறகு வளைவுக்குள் பருத்தித் துணியைக் கோத்து நேராக இழுங்கள். குறடு வைத்தால் குழாய் நசுங்கும். வரவில்லையா, அப்படியே விட்டுவிடுங்கள். காட்சிக்கு வைக்க அது ஒரு குறையே இல்லை.

தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீர் 10 லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் 2 டீஸ்பூன் கலந்து, 20 நிமிடம் ஊற விடுங்கள். மென்மையான பிரஷ் போதும். கறுப்பு என்று நினைத்ததில் பாதி பழைய எண்ணெயும் தூசியுமாகவே இருக்கும். அலசித் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் உலர விடுங்கள். குழாய்க்குள் ஈரம் தங்கினால் களிம்பு மறுபடி ஏறும். இருக்கிற களிம்பை எண்ணெய் தொட்ட மரப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டலாம்.

எஞ்சிய கறுப்புக்கு மிக நைசான கால்சியம் கார்பனேட் பொடியை டிஸ்டில்டு வாட்டரில் தோசை மாவு பதத்தில் குழையுங்கள். விபூதி வேண்டாம், அதில் மணல் துகள் இருக்கலாம். பஞ்சில் தொட்டு, உள்ளங்கை அளவு இடமாக, குழாயின் நீளவாக்கில் அழுத்தாமல் தேயுங்கள். பஞ்சு கறுத்ததும் மாற்றுங்கள். மஞ்சள் எட்டிப்பார்த்தால் அங்கே கை வைக்காதீர்கள். செதுக்கிய எழுத்துக்குள் இருக்கும் கறுப்பையும் விட்டுவிடுங்கள். கம்பெனிப் பெயர் படிக்கக் கிடைப்பதே அதனால்தான். வாய் வைத்து ஊதும் மவுத்பீஸுக்குப் பக்கத்துக் குழாயில் செம்பு நிறப் புள்ளிகள் இருந்தால் அது அழுக்கல்ல. பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெறும் செம்பு மிஞ்சிய இடம். பெரும்பாலும் உள்ளிருந்து அரித்து வந்திருக்கும். தேய்த்தால் ஓட்டைதான் விழும்.

அலுமினியத் தாள், சமையல் சோடா முறையை மவுத்பீஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1 லிட்டர் சுடுநீருக்கு 1 மேசைக்கரண்டி சோடா. மவுத்பீஸ் அந்தத் தாளைத் தொட்டபடி சில நிமிடம் கிடக்கட்டும். முழுக் கருவியை முக்கினால் இண்டு இடுக்கில் சிக்கும் சோடா நீரைக் கழுவி எடுப்பது பெரும்பாடு.

அலமாரியில் கம்பளித் துணி, ரப்பர் இரண்டும் கூடாது. அவற்றிலுள்ள கந்தகம் வெள்ளியை மறுபடி கறுக்கவைக்கும். வெள்ளைப் பருத்தித் துணி விரித்து, கையுறை போட்டுத் தூக்கி வையுங்கள். மூலையில் ஈரம் உறிஞ்சும், நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, நிறம் மாறியதும் புதிது போடுங்கள்.