வாசகர் கேள்வி–பதில்: புதிய வீடுகளும் பொதுச் சாலையும்

கட்டுமானத் திட்டங்களுக்கு அனுமதி வழங்கும்போது, சாலை மேம்பாட்டுக்கென்று நகர நிர்வாகங்கள் கட்டுமான நிறுவனங்களிடம் வசூலிக்கும் கட்டணத்தைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: சொத்து வரி கட்டுகிறோம், எரிபொருள் வாங்கும்போதும் வரி கட்டுகிறோம். அப்படியிருக்க, புதிதாக வீடு கட்டுபவரிடம் மட்டும் சாலைக்கென்று தனிக் கட்டணம் வாங்குவது ஏன்?

வரி ஆண்டுதோறும் சிறுகச் சிறுக வருகிறது. சாலையின் தேவையோ குடியிருப்பில் ஆட்கள் குடியேறும் நாளிலேயே முழுதாக வந்து நிற்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கையேட்டின்படி, ஒரு தனி வீட்டுக்கு வருவதும் அங்கிருந்து போவதுமாக ஒரு வேலைநாளில் ஏறத்தாழ 9.4 வாகனப் பயணங்கள் நிகழ்கின்றன. 500 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு எழும்பினால், அதன் வாசலில் உள்ள சாலைக்கு நாளொன்றுக்கு 4,700 பயணங்கள் புதிதாக வந்து சேரும். அந்தச் சாலையை அகலப்படுத்தும் செலவை ஏற்கெனவே குடியிருப்பவர்களின் வரியிலிருந்து எடுக்கலாம், கடன் வாங்கலாம், ஒன்றும் செய்யாமல் நெரிசலை எல்லாரும் பகிர்ந்துகொள்ளும்படி விட்டுவிடலாம். இவை மூன்றும் வேண்டாம் என்று முடிவுசெய்த நகரங்கள்தாம் நான்காவது வழியாக இக்கட்டணத்தைக் கொண்டுவந்தன. புதிய கட்டுமானம் பொதுக் கட்டமைப்பின்மீது ஏற்படுத்தும் தாக்கத்துக்கான விலை என்ற பொருளில் இதனைத் தாக்கக் கட்டணம் என்கிறார்கள்.

இது பரவியதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. கலிபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் கட்டிப்போட்டது. வரியை உயர்த்த முடியாத நகரங்கள், வளர்ச்சிக்கான செலவை வளர்ச்சியிடமிருந்தே பெறும் வழிக்குத் திரும்பின. டெக்சஸ் மாநிலம் 1987-இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது.

கேள்வி: கட்டணத் தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அதிகாரிகள் நினைத்தபடி நிர்ணயிப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

முறையாகச் செய்யப்படும் இடங்களில் அப்படி நிர்ணயிக்க முடியாது. ஆனால் கணக்கு எங்கே வளையக்கூடும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியம் என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அடுத்த 10 ஆண்டுகளில் எவ்வளவு வீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று நகரம் முதலில் மதிப்பிடுகிறது. அவற்றால் எந்தெந்தச் சாலைகளும் சந்திப்புகளும் கொள்ளளவை மீறும் என்று பார்த்து, செய்யவேண்டிய பணிகளையும் அவற்றின் செலவையும் ஒரு திட்டமாக எழுதுகிறது. அந்தச் செலவு முழுவதையும் புதியவர்கள் தலையில் கட்டக்கூடாது என்பதால் கழிவுகள் தொடங்குகின்றன. எடுத்துக்காட்டுக்காக, திட்டச் செலவு 4 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1 கோடி, இன்றைக்கே இருக்கும் குறைகளைச் சரிசெய்வதற்கானது. அதைக் கழிக்க வேண்டும். மேல்நிலை அரசுகளிடமிருந்து கிடைக்கும் மானியம் 60 லட்சம். அதையும் கழிக்க வேண்டும். மிச்சம் 2 கோடியே 40 லட்சம். புதிய வளர்ச்சியால் மாலை உச்ச நேரத்தில் 8,000 பயணங்கள் கூடுமென்றால், ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் ஆகிறது. ஒரு தனி வீட்டினால் மாலை உச்ச நேர ஒரு மணியில் 0.94 பயணம் நிகழும் என்று கொண்டால், அந்த வீட்டுக்கான கட்டணம் 2,820 டாலர்.

கணக்கு வளைவது பெரும்பாலும் அந்த முதல் கழிவில்தான். ஒரு சந்திப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குறுக்கே திரும்பக் காத்திருக்கும் வண்டிகளின் வரிசை, திரும்புவதற்கென ஒதுக்கிய தடத்தைத் தாண்டி நேராகச் செல்லும் தடம்வரை நீண்டு நிற்கிறது. கடைசி வண்டி திரும்புவதற்குள் பச்சை விளக்கு மூன்று முறை வந்து போய்விடுகிறது. இந்த நிலை இன்றைக்கே இருக்கிறது, புதிய குடியிருப்புக்கு இன்னும் அடித்தளம்கூடத் தோண்டவில்லை. அந்தச் சந்திப்பைத் திருத்தும் முழுச் செலவையும் புதிய குடியிருப்பின் கணக்கில் எழுதினால், இருபது ஆண்டுகளாகச் செய்யாமல் விட்ட வேலைக்கு நேற்று வந்தவர் பணம் கட்டுகிறார் என்று பொருள். இது அநியாயம் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. எனவே உங்கள் ஊரின் கட்டண ஆய்வறிக்கை கையில் கிடைத்தால், இன்றைய குறைபாடு எவ்வளவு என்று தனியாகக் காட்டியிருக்கிறார்களா என்பதையே முதலில் பாருங்கள்.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. வீட்டிலிருந்து கடைக்குப் போகும் ஒரே பயணத்துக்கு வீட்டிடமும் முழுக் கட்டணம், கடையிடமும் முழுக் கட்டணம் வாங்கினால், ஒரே பயணத்துக்கு இருமுறை வசூலித்ததாகிவிடும். ஆகவே இரு முனைகளுக்கும் பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டும். அதேபோல், எரிபொருள் நிலையத்துக்குள் நுழையும் வண்டிகளில் பெரும்பகுதி ஏற்கெனவே அந்தச் சாலையில் போய்க்கொண்டிருப்பவைதாம். அவற்றைப் புதிய பயணங்களாக எண்ணக்கூடாது.

கேள்வி: எங்கள் தெருவில் குழி விழுந்து பல மாதங்களாகின்றன. புதிய கட்டுமானங்களிடம் வாங்கும் இந்தப் பணத்தில் அதைச் செப்பனிடலாமே?

கூடாது. இக்கட்டணம் புதிய போக்குவரத்துக்கான புதிய கொள்ளளவுக்கு மட்டுமே உரியது. டெக்சஸ் சட்டம், இந்நிதியைப் பழுதுபார்ப்புக்கோ பராமரிப்புக்கோ செலவிடுவதை வெளிப்படையாகவே தடைசெய்கிறது. உங்கள் தெருக் குழிக்கு வரிப் பணம்தான் பொறுப்பு. அதற்காக நீங்கள் நகர மன்றத்தை வலியுறுத்துவது முற்றிலும் நியாயம்.

கேள்வி: நான் சிறிய அளவில் கட்டுமானத் தொழில் செய்கிறேன். அனுமதி வேண்டுமென்றால் நிலத்தில் ஒரு பகுதியைக் கொடு, பணத்தைக் கட்டு என்கிறார்கள். இதற்கு எல்லை கிடையாதா?

எல்லை உண்டு. அது எப்படி உருவானது என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் சில தீர்ப்புகளே நல்ல சான்று. 1987-இல் நோலன் வழக்கில், அனுமதிக்கு விதிக்கும் நிபந்தனைக்கும் அந்தக் கட்டுமானத்தால் நேரும் பாதிப்புக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. தொடர்பு இருந்தால் மட்டும் போதுமா, எவ்வளவு கேட்கலாம் என்ற கேள்வி 1994-இல் டோலன் வழக்கில் வந்தது.

ஆரிகன் மாநிலத்தின் டைகர்ட் என்ற நகரில், குழாய், மின்சாதனப் பொருள்கள் விற்கும் கடையொன்றின் உரிமையாளர், 9,700 சதுர அடிக் கடையை 17,600 சதுர அடியாகப் பெருக்க அனுமதி கேட்டார். நகரமோ, ஓடையை ஒட்டிய வெள்ளப் பகுதி நிலத்தையும், நடைபாதைக்கும் மிதிவண்டிப் பாதைக்குமாக 15 அடி அகலப் பட்டையையும் பொதுவுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னது. இரண்டும் சேர்ந்து அவருடைய மனையில் ஏறத்தாழ 10 விழுக்காடு. பெரிய கடையால் நாளொன்றுக்கு 435 பயணங்கள் கூடும், மிதிவண்டிப் பாதை அவற்றில் சிலவற்றைக் குறைக்கக்கூடும் என்பது நகரத்தின் வாதம். குறைக்கக்கூடும் என்பது வேறு, குறைக்கும் என்பது வேறு என்று நீதிமன்றம் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது. துல்லியமான கணிதம் வேண்டியதில்லை, ஆனால் கேட்பதும் பாதிப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதாக நகரம் காட்டியாக வேண்டும் என்று 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. காட்டவேண்டிய பொறுப்பை நகரத்தின்மீது வைத்ததுதான் அத்தீர்ப்பின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

நிலத்துக்குச் சொன்னது பணத்துக்கும் பொருந்தும் என்று 2013-இல் கூன்ட்ஸ் வழக்கு தெளிவாக்கியது. பிறகு, கலிபோர்னியாவின் எல் டொராடோ மாவட்டத்தில் தம் மனையில் ஒரு சிறிய ஆயத்த வீடு வைக்க விரும்பியவரிடம் 23,420 டாலர் சாலைக் கட்டணம் கேட்கப்பட்டது. அவர் எதிர்ப்பைப் பதிவுசெய்துகொண்டு பணத்தைக் கட்டி, வழக்குத் தொடுத்தார். தனி அதிகாரி ஒருவர் விதித்த நிபந்தனைக்குத்தான் தொடர்பு, அளவு என்ற இந்த அளவுகோல்கள், மக்கள் பிரதிநிதிகளின் மன்றமே இயற்றிய பொதுக் கட்டணப் பட்டியலுக்கு இல்லை என்ற வாதத்தை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நிராகரித்தது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் கணக்குக் காட்ட வேண்டுமா என்பதற்கு அத்தீர்ப்பு விடை சொல்லவில்லை.

இங்கிலாந்தில் கட்டுமான அனுமதியையொட்டிச் செய்துகொள்ளும் திட்ட ஒப்பந்தங்களின்வழிப் பெறும் பங்களிப்புகளுக்கு 2010-ஆம் ஆண்டு விதிகள் மூன்று நிபந்தனைகளைச் சொல்கின்றன: அது அனுமதிக்குத் தேவையானதாக இருக்க வேண்டும், அந்தக் கட்டுமானத்தோடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும், அளவிலும் தன்மையிலும் நியாயமாக இருக்க வேண்டும். நாடு வேறானாலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்.

கேள்வி: திரும்பும் தடத்தையும் சிக்னலையும் எங்கள் நிறுவனமே சொந்தச் செலவில் அமைத்துக் கொடுத்தது. அதற்குப் பிறகும் முழுக் கட்டணம் கேட்கிறார்கள். சரியா?

நீங்கள் அமைத்த பணி நகரத்தின் கட்டணத் திட்டத்தில் இடம்பெற்றிருந்தால், அதன் செலவைக் கட்டணத்தில் ஈடுசெய்ய வேண்டும் என்பதே பொதுவான நெறி. உங்கள் மனைக்குள் போகும் வாசல் வழி போன்ற, உங்களுக்கு மட்டுமே பயன்படும் பணிக்கு ஈடு கிடைக்காது. எதுவானாலும் வேலையைத் தொடங்குமுன் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். தார் போட்ட பிறகு பேச்சுவார்த்தை நடத்துவது மிகக் கடினம்.

கேள்வி: கடைசியில் இந்தச் சுமை வீடு வாங்குபவர் தலையில்தானே விழுகிறது? அதிலும் சிறிய வீடு வாங்குகிற ஏழைக்குத்தானே பாதிப்பு?

முதல் பகுதிக்கு ஆமென்றும் இல்லையென்றும் சொல்லத்தக்க விடைதான் உண்டு. கட்டணம் திடீரென்று விதிக்கப்பட்டால், நிலத்தை ஏற்கெனவே வாங்கிவிட்ட நிறுவனம் அதை வீட்டு விலையில் ஏற்றப் பார்க்கும், அல்லது தன் இலாபத்தில் இழக்கும். கட்டணம் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தால், அடுத்த நிலத்தை வாங்கும்போது அந்தத் தொகையைக் குறைத்துக்கொண்டே விலை பேசும். அப்போது சுமையின் ஒரு பகுதி நில உரிமையாளரிடம் போய்ச் சேரும். ஆகவே கட்டணத்தை முன்கூட்டியே அறிவித்து, படிப்படியாக உயர்த்துவது வீடு வாங்குபவருக்கு நல்லது.

இரண்டாவது பகுதியில் உங்கள் கவலை முழுக்க நியாயமானது. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையை விதித்தால், 600 சதுர அடி வீடும் 4,000 சதுர அடி மாளிகையும் ஒன்றாகிவிடுகின்றன. சிறிய வீட்டில் ஆட்களும் குறைவு, வண்டிகளும் குறைவு என்பது பொதுவாக உண்மை. இதனால்தான் கலிபோர்னியா 2021-இல் இயற்றிய சட்டம், புதிய ஆய்வுகளின் அடிப்படையிலான வீட்டுக் கட்டணங்களைத் தரைப் பரப்புக்கு ஏற்பக் கணக்கிடும்படி பணித்தது. அதற்கு முன்பே, வீட்டு வளாகத்துக்குள் கட்டும் 750 சதுர அடிக்குக் குறைந்த துணை வீடுகளுக்கு இக்கட்டணத்திலிருந்து அம்மாநிலம் விலக்கு அளித்துவிட்டது. ஆயினும் தரைப் பரப்பு மட்டும் போதாது. இரயில் நிலையத்துக்கு அருகில் கட்டும் வீட்டுக்கும் ஊரின் எல்லையில் கட்டும் வீட்டுக்கும் ஒரே கட்டணம் என்பது, குறைவாக வண்டி ஓட்டுபவரைத் தண்டிப்பதாகும். சாலையை அகலப்படுத்தினால் அதை நிரப்பப் புதிய வண்டிகளும் வந்துவிடுகின்றன என்பது ஆய்வுகள் பல காட்டிய உண்மை என்பதால், பேருந்துக்கும் நடைபாதைக்கும் இந்நிதியில் இடமளிக்கும் ஊர்களே சரியான பாதையில் செல்வதாக நான் நம்புகிறேன். கலிபோர்னியா 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி, சுற்றுச்சூழல் ஆய்வுகளில் சந்திப்பில் ஏற்படும் தாமதத்தை அளப்பதைக் கைவிட்டு, மொத்தம் எத்தனை மைல் வண்டி ஓடுகிறது என்பதை அளக்கத் தொடங்கியதும் இந்த எண்ணத்தால்தான்.

கேள்வி: எங்கள் குடியிருப்புக்காகக் கட்டணம் வாங்கி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. சாலை வந்தபாடில்லை. பணம் எங்கே போயிற்று என்று யாரைக் கேட்பது?

இப்படிப் பணத்தை முடக்கிவைப்பது, கட்டணம் கட்டியவரையும் நெரிசலில் நிற்பவரையும் ஒருசேர ஏமாற்றுவதாகும். நல்ல சட்டங்கள் இதற்கு மூன்று காப்புகளை வைத்திருக்கின்றன. கட்டணப் பணம் பொது நிதியோடு கலக்காமல் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் எவ்வளவு வந்தது, எந்தப் பணிக்கு எவ்வளவு போயிற்று என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கலிபோர்னியாவில் நிதியாண்டு முடிந்த 180 நாள்களுக்குள் இதைச் செய்தாக வேண்டும். மூன்றாவது, காலக்கெடு. கலிபோர்னியாவில் செலவாகாமல் கிடக்கும் தொகைக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நகரம் காரணம் காட்டியாக வேண்டும். டெக்சஸில் 10 ஆண்டுகளுக்குள் செலவிடாத பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

எனவே நகர அலுவலகத்துக்கு எழுதும்போது பொதுவாகக் குறை சொல்லாமல், உங்கள் திட்ட அனுமதி எண்ணைக் குறிப்பிட்டு, அதன்பேரில் வாங்கிய தொகை, வாங்கிய நாள், அது எந்தச் சாலைப் பணிக்கு ஒதுக்கப்பட்டுள்ளது, இன்று கணக்கில் உள்ள இருப்பு ஆகிய நான்கையும் கேளுங்கள். இந்த இரு மாநிலங்களிலும் திருப்பித் தரும் தொகை, அன்று கட்டிய நிறுவனத்துக்குப் போகாமல், திருப்பித் தரும் நாளில் அந்தச் சொத்து யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கே சேரும். அத்தகைய விதி உங்கள் ஊரிலும் இருந்தால் அந்த உரிமையாளர் நீங்கள்தாம். ஆகவே நிறுவனம் கட்டணம் செலுத்தியதற்கான இரசீதின் நகலை இப்போதே கேட்டு வாங்கி, கிரயப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.