மூச்சு எடுக்கும் இடம்

அன்புள்ள அக்கா,

ஆறு மாதம் முன்பு அம்மா போய்விட்டார். அடுத்த மாதமே வேலையும் போனது. எனக்கு 44 வயது. இப்போது நான் கேட்பதெல்லாம் படிக்கிற காலத்தில் கேட்ட தொண்ணூறுகளின் ஹிப் ஹாப் மட்டும்தான். புதிதாக எதுவும் காதில் ஏறவில்லை. இரவு விளக்கை அணைத்துவிட்டு இயர்போனை மாட்டினால்தான் மூச்சு சீராகிறது. “இந்த வயதில் இந்தச் சத்தத்தில் என்ன இருக்கிறது, பழசையே பிடித்துக்கொண்டிருக்கிறாய்” என்கிறார் கணவர். நான் ஓடி ஒளிகிறேனா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இல்லை, நீங்கள் ஓடி ஒளியவில்லை. அம்மாவை இழந்தவருக்கு ஆறு மாதம் எல்லாம் ஒரு கணக்கே இல்லை.

நீங்கள் கேட்கும் இசை எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸில் சிண்டி கேம்பல் என்ற பெண், பள்ளி திறக்கும்முன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க ஒரு பார்ட்டி வைத்தார். இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன் கூல் ஹெர்க். குரல் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளுக்காகத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தவர் அவர். அப்புறம் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றதில் அதே இடத்தை ஓடவிட்டார். பிடித்த இடம் முடிந்துவிடக் கூடாதே என்ற ஆசையில் வளர்ந்த இசை இது. அதைக் கேட்கிறவர் பழசுக்குத் திரும்புவதில் என்ன தப்பு?

“தே ரெமினிஸ் ஓவர் யூ” (உன்னை நினைத்துப் பார்க்கிறார்கள்) உங்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். 1990-ல், இசைப்பயணத்தில் இருந்தபோது தவறி விழுந்து இறந்துபோன நண்பர் டிராய் டிக்சனுக்காக பீட் ராக், சி.எல். ஸ்மூத் என்ற ஹிப் ஹாப் ஜோடி 1992-ல் வெளியிட்ட பாட்டு. அஞ்சலி நண்பருக்குத்தான். ஆனால் உள்ளே சி.எல். ஸ்மூத்தின் அம்மா வருகிறார், தாத்தா வருகிறார். ஒரு சாவை நினைக்க உட்கார்ந்தால் வீடே எழுந்து வந்துவிடுகிறது. அந்தப் பாட்டில் வரும் சாக்ஸஃபோனும் அவர்கள் வாசித்ததல்ல. டாம் ஸ்காட் 1967-ல் பதிவு செய்த ஒரு தட்டிலிருந்து எடுத்தது. அவர் வாசித்ததும் வேறொரு குழுவின் பாட்டைத்தான். கை மாறிக் கை மாறி வந்த ஒரு துண்டு இசையின் மேல்தான் அந்தத் துக்கம் உட்கார்ந்திருக்கிறது.

மூச்சு சீராகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தங்கை ஆறு வாரம் மருத்துவமனையில் கிடந்தபோது, நடைபாதை நாற்காலியில் ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்திருப்பேன். நர்ஸ் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று மற்றக் காது சும்மா இருக்கும். சத்தம் வராமல் உதட்டால் மட்டும் அந்தப் பாட்டின் வரிகளைச் சொல்லிக்கொண்டே போவேன். ராப்பில், பாடுகிறவர் மூச்சு எடுக்கும் இடத்தில் நாமும் எடுக்காவிட்டால் வரியை முடிக்கவே முடியாது. தொண்டையில் அழுகை நின்றால் இரண்டாவது வரியிலேயே தடுக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். நாலாவது முறை ஒழுங்காக வந்துவிடும். அடுத்து டாக்டர் வந்து என்ன சொல்வாரோ என்று தெரியாத அந்த நாட்களில், அடுத்த சொல் என்ன என்று எனக்குத் தெரிந்த ஒரே குரல் அதுதான்.

அந்தப் பாட்டு என் கேசட்டில் முழுசாக இல்லை. வானொலியிலிருந்து பதியும்போது பட்டனை அழுத்தத் தாமதமாகி, தொடக்கம் போய்விட்டது. இன்று போனில் முழுப் பாட்டும் இருக்கிறது. ஆனாலும் என் கேசட்டில் தொடங்கிய அந்தப் பாதிச் சொல் வரும்போதுதான் எனக்குப் பாட்டு தொடங்குகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலப் பாட்டுகளில் பெண்களைக் கேவலமாகப் பேசுபவையும் நிறைய உண்டு. ஞாபகத்துக்காகக்கூட அவற்றை நான் கேட்பதில்லை, தாண்டிவிடுவேன். அப்புறம், பல நாள் தூக்கமே வராமல் போனால் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள்.

கணவர் மேல் கோபப்படாதீர்கள். வெளியே கசிவதை மட்டும் கேட்டால் யாருக்கும் அது சத்தம்தான். இன்று இரவு ஒரு பக்கத்து இயர்போனை அவரிடம் கொடுங்கள். அந்த சாக்ஸஃபோன் வரும்வரையாவது கேட்கச் சொல்லுங்கள். அந்த வயதில் அவர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா