சேர்க்கை ஆலோசகர் இரண்டு பக்கமும் பணம் வாங்கலாமா?

மன்னார்குடியிலிருந்து ஓர் அப்பா கேட்கிறார்: மகளின் பொறியியல் சேர்க்கைக்கு ஆலோசனைக் கட்டணம் வாங்கியவர் தனியார் கல்லூரியிடமும் கமிஷன் வாங்குகிறாராம், இது சரியா?

சரியில்லை. உங்களிடம் காசு வாங்கியவர் உங்கள் மகளுக்காகத்தான் பேச வேண்டும். கமிஷன் உண்டென்றால் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மறைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சம்பா நெல் விற்றுச் சேர்த்த காசாக இருக்கும் அது.

நேர்மையான ஆலோசகர் என்றால் அரசின் கலந்தாய்வைத்தான் முதலில் சொல்வார். அதில் இடம் தர பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்துப் போடும் கட் ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5% உள் ஒதுக்கீடும் உண்டு. இதில் தரகருக்கு வேலையே இல்லை.

இடம் தர கல்லூரி நன்கொடை கேட்டால், 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் அது குற்றம். அப்புறம், அசல் சான்றிதழ்களை அந்த ஆலோசகரிடம் கொடுத்து வைக்காதீர்கள்.