ஒரே ஒரு பாட்டு அனுப்புங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வேறு எதையோ சொல்ல வந்து, போகிற போக்கில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இங்கிலாந்து இசைக்குழுவைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த நான்கு வரிக்குத்தான். ஆகவே இந்த முறை முழுக்க இசைக்குழுக்கள். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவை என் மேசையில் பத்திரமாக இருக்கின்றன.

கேள்வி: அன்புள்ள அம்மா, போன் ஈவேர், ஃப்ளீட் ஃபாக்ஸஸ் இரண்டு குழுக்களையும் சலிக்கச் சலிக்கக் கேட்டுவிட்டேன். அவற்றைப் போலவே வேறு குழுக்களைத் தேடினால் கைபேசி அதே இருபது பெயர்களைத்தான் காட்டுகிறது. புதிதாகக் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: "அவற்றைப் போலவே" என்று கேட்டீர்கள். கைபேசி அப்படியே கொடுத்துவிட்டது. அதன்மேல் என்ன தப்பு?

நான் குழுவைத் தேடுவதில்லை, ஆளைத் தேடுவேன். ஒரு பாட்டில் எந்த இடம் மனத்தில் ஒட்டியதோ, அந்த இடத்தை வாசித்தது யார் என்று பார்ப்பேன். பிறகு அவர் வேறு யார் வீட்டுக்கெல்லாம் போய் வாசித்தார் என்று நூல் பிடித்துக்கொண்டு போவேன். அந்தக் காலத்தில் ஆல்பத்தின் பின்னட்டையில் எறும்பு எழுத்தில் இதெல்லாம் இருக்கும். நான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்திருக்கிறேன். இப்போது தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் 1969 ஆல்பமான 'லீஜ் அண்ட் லீஃப்' எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் வயலின். வாசித்தவர் டேவ் ஸ்வார்பிரிக். அவர் பெயரைத் தொடர்ந்து போனபோது, 1970-இல் வாஷ்டி பன்யன் என்ற பெண் வெளியிட்ட ஆல்பத்தில் போய் நின்றேன். குதிரை வண்டியில் ஸ்காட்லாந்துத் தீவுகளை நோக்கிப் பயணம் செய்தபோது எழுதிய பாட்டுகள் அவை. ஃபேர்போர்ட்டின் ஆரவாரம் துளியும் கிடையாது. பக்கத்து அறையில் யாரோ தனக்குத்தானே முணுமுணுப்பது போன்ற குரல். அதில் சில பாட்டுகளுக்கு வாத்திய அமைப்பு ராபர்ட் கிர்பி. அவரைப் பிடித்துக்கொண்டு போனால் நிக் டிரேக்கின் 1969 ஆல்பம். அதில் டபுள் பேஸ் வாசித்தவர் டேனி தாம்சன். அவரைத் தொடர்ந்தால் பென்டாங்கிள் என்ற குழு. நான்கு பேர் இசையும் நான்கு விதம். எந்த இயந்திரமும் இவர்களை இந்த வரிசையில் எனக்குக் கொடுத்திருக்காது.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். போன் ஈவேரின் ஜஸ்டின் வெர்னனும் தி நேஷனல் குழுவின் ஆரன் டெஸ்னரும் சேர்ந்து பிக் ரெட் மெஷின் என்று ஒன்றை நடத்துகிறார்கள். அவர்களுடைய 2021 ஆல்பத்தில் ஒரு பாட்டில் ஃப்ளீட் ஃபாக்ஸஸும் வருகிறது. உங்கள் இரண்டு உயிர்களும் ஒரே பாட்டில்! அதே பாட்டில் அனாயிஸ் மிட்செல் என்ற பெண்ணும் பாடுகிறார். அவரைப் பின்தொடருங்கள். போனி லைட் ஹார்ஸ்மேன் குழுவில் பழைய நாட்டுப் பாடல்களைப் புதிதாகப் பாடுகிறார். அதற்கு முன்பே, 2013-இல், ஜெஃபர்சன் ஹேமருடன் சேர்ந்து ஏழு பழங்கதைப் பாடல்களை ஒரு சிறு ஆல்பமாக வெளியிட்டார். அவற்றில் ஒன்று 'டாம் லின்'. இதே 'டாம் லின்' 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பத்திலும் இருக்கிறது. நீங்கள் ஒரு முனையில் கிளம்பி, நான் ஒரு முனையில் கிளம்பி, ஒரே வீட்டு வாசலில் சந்தித்துக்கொண்டோம் பாருங்கள்.

கேள்வி: இண்டி என்றால் என்ன, ஃபோக் என்றால் என்ன? யாரைக் கேட்டாலும் மழுப்புகிறார்கள்.

பதில்: நானும் கொஞ்சம் மழுப்பத்தான் போகிறேன். இண்டி என்பது 'இண்டிபென்டன்ட்' (சுயேச்சை) என்பதன் சுருக்கம். முதலில் அது பணக் கணக்கு. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் நான்கு பாட்டு கொண்ட இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டது 1000 பிரதிகள். எந்தக் கம்பெனியின் தயவும் இல்லை. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் சரியாக வந்தது என்பதைக்கூட அட்டையிலேயே போட்டார்கள். 'நாங்கள் இப்படித்தான் செய்தோம், நீங்களும் செய்யலாம்' என்கிற தொனி. பிற்பாடு அந்தச் சொல் ஒருவகை ஓசைக்குப் பெயராகி, இன்று பெரிய கம்பெனியில் ஒப்பந்தம் போட்டவரும் இண்டிதான்.

ஃபோக், அதாவது நாட்டார் பாட்டுக்கு என் அளவுகோல் எளிது: யார் எழுதியது என்று கேட்டால், பாடுகிறவர் தன் பாட்டியைக் கைகாட்ட வேண்டும். தன் பாட்டைத் தானே எழுதிய நிக் டிரேக் இந்த அளவுகோலில் தேற மாட்டார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

கேள்வி: என் நண்பனுக்காக ஒரு மாதம் உட்கார்ந்து 60 பாட்டுகள் கொண்ட பட்டியல் தயாரித்துக் கொடுத்தேன். ஒன்றைக்கூட அவன் கேட்கவில்லை. மனம் விட்டுப்போனது.

பதில்: அறுபதா? பாவம் அவர். அது பரிசில்லை, வீட்டுப்பாடம்.

நான் இதைவிடப் பெரிய பாவம் செய்திருக்கிறேன். நெருங்கிய தோழி ஒருத்தியை நாற்காலியில் உட்கார வைத்து, ஃபேர்போர்ட்டின் பதினோரு நிமிடக் கடல் பாட்டு ஒன்றை ஓட விட்டேன். ஓட விட்டுச் சும்மா இருந்தேனா? "இதோ இப்போது வயலின் வரும்", "இதோ டிரம்ஸ் அலை மாதிரி எழும்பும்" என்று அவள் முகத்துக்கு நேரே விரலை ஆட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவது நிமிடத்தில் அவள் மெதுவாகக் கேட்டாள்: "குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா?" அவள் எழுந்து போனாள். நான் பாட்டை நிறுத்தவில்லை. அவள் திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று.

அதற்குப் பிறகு ஒரே ஒரு பாட்டுதான் அனுப்புகிறேன். நான்கு நிமிடத்துக்கு மேல் போகாத பாட்டு. கூடவே ஒரு வரி, அதுவும் பாட்டைப் பற்றி அல்ல, அவளைப் பற்றி: "நீ மழைக்கு முன் ஜன்னலைத் திறந்து வைப்பாயே, அப்போது கேள்." இதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அந்த ஆளுக்கு வார்த்தைகள் முக்கியமா, தாளமா, குரலா என்று தெரிந்திருக்க வேண்டும். என் தோழிக்குக் கிடார் என்றால் பொறுமை கிடையாது, ஆனால் பலர் சேர்ந்து பாடினால் கரைந்துவிடுவாள். அது தெரியாமலே இருபது வருடம் அவளோடு பழகியிருந்தேன். ஃப்ளீட் ஃபாக்ஸஸின் 2008 ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, "இவர்கள் அண்ணன் தம்பிகளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மறு வாரம் அவளே அந்த ஆல்பம் முழுவதையும் கேட்டு முடித்திருந்தாள்.

இன்னொன்று. "கேட்டாயா, கேட்டாயா" என்று நச்சரிக்காதீர்கள்.

கேள்வி: நீங்கள் பாராட்டிய ஃபேர்போர்ட்டின் 'மேட்டி குரோவ்ஸ்' கேட்டேன். கணவன் வருகிறான், மனைவியின் காதலனைக் கொல்கிறான், அவளையும் கொல்கிறான். நாட்டுப் பாடல்களில் ஏன் இத்தனை ரத்தம்? இதையா ரசிக்கச் சொல்கிறீர்கள்?

பதில்: நீங்கள் வார்த்தைகளைக் கவனித்துக் கேட்டதற்கே முதலில் நன்றி. பலர் அதைத் துள்ளல் பாட்டு என்று தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 19-ஆம் நூற்றாண்டில் இத்தகைய இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்கள் 305-ஐத் தொகுத்தார். புரட்டிப் பார்த்தால் கொலை, துரோகம், ஆவி, வெள்ளத்தில் போனவன் என்றுதான் இருக்கும். நடந்ததை ஊருக்கு ஊர் எடுத்துச் சென்றது பாட்டு. நல்லபடியாகக் கல்யாணமாகி நலமாக வாழ்ந்தவர்களைப் பற்றி யார் பாட்டுக் கட்டுவார்கள்?

அந்தப் பாட்டின் கடைசியை இன்னொரு முறை கேளுங்கள். இருவரையும் ஒரே குழியில் புதைக்கச் சொல்கிறான் கணவனான பிரபு. ஆனால் அவள் உயர்குடிப் பெண், ஆகவே மேலே அவளை வையுங்கள் என்கிறான். கொன்ற பிறகும் குலப்பெருமை போகவில்லை. அந்த வரியைப் பாடகி சாண்டி டென்னி எந்த அழுத்தமும் கொடுக்காமல் கடந்து போகிறார். அழுதுகொண்டே பாடியிருந்தால் நான் இரண்டாம் முறை கேட்டிருக்க மாட்டேன்.

பாடியவர்களும் சாவைப் பார்த்தவர்கள்தான். 1969 மே மாதம் கச்சேரி முடிந்து திரும்பும்போது அவர்களுடைய வேன் விபத்தில் சிக்கி, டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிள் இறந்துபோனார். அவருக்கு வயது 19. உடன் வந்த ஜீனி பிராங்க்ளின் என்ற பெண்ணும் இறந்தார். மீதிப் பேர் கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பழைய பாடல்களை எடுத்துவைத்துக்கொண்டு மீண்டும் வாசிக்கத் தொடங்கினார்கள். அந்த டிசம்பரில் வந்ததுதான், நீங்கள் கேட்ட பாட்டு இருக்கும் 'லீஜ் அண்ட் லீஃப்'.

கேள்வி: நல்ல ஹெட்ஃபோன் ஒன்று பரிந்துரைக்க முடியுமா?

பதில்: ஆளை மாற்றிக் கேட்டுவிட்டீர்கள். எனக்கு இடது காது முக்கால் மந்தம். பென்டாங்கிள் குழுவில் பெர்ட் ஜான்ஷ், ஜான் ரென்போர்ன் என்று இரண்டு கிடார் மேதைகள். ஒரு நாள் ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டேன். அத்தனை வருடமாகக் கேட்ட பாட்டில் இன்னொரு கிடார்! இரண்டு முறை கேட்க வைக்கும் எந்த ஹெட்ஃபோனும் நல்ல ஹெட்ஃபோன்தான்.

கேள்வி: எனக்கு மட்டும் தெரிந்த குழு திடீரென்று பிரபலமாகிவிட்டது. எரிச்சலாக இருக்கிறது. இது தவறா?

பதில்: நிக் டிரேக் மூன்று ஆல்பம் வெளியிட்டார். மூன்றும் விற்கவில்லை. 1974-இல், 26 வயதில் இறந்துபோனார். கால் நூற்றாண்டு கழித்து ஒரு கார் விளம்பரத்தில் அவர் பாட்டு ஒலித்த பிறகு கூட்டம் கூட்டமாக வாங்கினார்கள். உங்கள் குழு உயிரோடு இருக்கும்போதே பிரபலமாகியிருக்கிறது. எரிச்சலைத் தூக்கிப் பரணில் போடுங்கள்.

கேள்வி: மொழி தெரியாத பாட்டைக் கேட்பது அரைகுறை ரசனைதானே?

பதில்: நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். டினாரிவென் கேட்டதும் அந்த எண்ணம் போயிற்று. சகாரா பாலைவனத்தின் துவாரெக் மக்களின் குழு. அதைத் தொடங்கிய இப்ராஹிம் அக் அல்ஹபிப் சிறுவனாக இருந்தபோது தகர டப்பா, குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி இவற்றைக் கொண்டு முதல் கிடாரைச் செய்துகொண்டார். அகதியாக அலைந்த காலத்தில் அவர்கள் பாட்டு கேசட்டில் கைமாறிக் கைமாறிப் பரவியது. 2012-இல் கிராமி விருது கிடைத்தது.

பாலைவனம் என்றதும் ஒட்டகமும் நிலவும் என்று நானாக ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன். மொழிபெயர்ப்பைப் படித்த அன்று வெட்கமாக இருந்தது. அத்தனையும் ஊரைப் பிரிந்தவனின் ஏக்கம். அவர்கள் இந்த இசைக்கே 'அசூஃப்' என்றுதான் பெயர் சொல்கிறார்கள். தனிமை, ஏக்கம் என்று பொருள். ஆனாலும் பாட்டோடு வரும் அந்தக் கைதட்டலுக்கு அடியில் ஏதோ ஒன்று வலிக்கிறது என்பது முதல் நாளே தெரிந்துதான் இருந்தது. ஆகவே முதலில் கேளுங்கள், பிறகு படியுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம். 2011-இல் வந்த 'தசிலி' ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: இலவசமாகக் கேட்கிறோமே, இவர்களுக்குப் பணம் போகிறதா?

பதில்: மிகக் கொஞ்சம். பிடித்துப்போனால் ஆல்பத்தை விலை கொடுத்து வாங்குங்கள். பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் டிஜிட்டல் ஆல்பம் வாங்கினால், அவர்கள் 15 சதவீதம் வரை எடுத்துக்கொள்கிறார்கள். பரிமாற்றக் கட்டணம் போக மீதி கலைஞருக்கு. கச்சேரிக்கு டிக்கெட் வாங்குவதும் நல்லது.

கேள்வி: எல்லோருக்கும் நீங்களே சொல்கிறீர்கள். நான் உங்களுக்கு ஒன்று சொல்லட்டுமா? லான்கம். டப்ளின் குழு. 2023 ஆல்பத்தின் முதல் பாட்டு. இரவில் கேளுங்கள்.

பதில்: ஒரே பாட்டு, ஒரே வரி. இப்படியல்லவா அனுப்ப வேண்டும்!

கேட்டேன். இரவில்தான் கேட்டேன். ரேடி பீட் என்ற பாடகி வாத்தியத் துணையில்லாமல் தனிக் குரலில் தொடங்குகிறார். புதைகுழி தோண்டச் சொல்லும் பாட்டு. எனக்குக் கொஞ்சம் பழகிய நிலம்தான் என்று கால் நீட்டி உட்கார்ந்தேன். பிறகு அடியில் ஒரு சுருதி எழும்புகிறது. அது நிற்கவே இல்லை. சுருதி என்றால் நிம்மதி என்று பழகிய காதுக்கு அது அநியாயம். ஐந்தாவது நிமிடத்தில் எழுந்து விளக்கைப் போட்டேன்.

பிடித்ததா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. மூன்று முறை கேட்டாயிற்று, மூன்றும் விளக்கு வெளிச்சத்தில். இன்றிரவு ஹெட்ஃபோனை மாற்றி மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கிறேன்.