நேட்டாலுக்குக் கப்பலேறிய தாத்தா: கேள்வி பதில்

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்கள் வழி வந்தவர்கள் கேட்கலாம். காலனி எண்ணை, அதாவது கூலியாகப் போன ஒவ்வொருவருக்கும் அங்கே கொடுத்த எண்ணை, தேடி எடுத்துக்கொண்டு வந்தால் எனக்கும் வேலை மிச்சம்.

கேள்வி (பீனிக்ஸ், டர்பன்): எங்கள் சர்நேம் முனிசாமி. கொள்ளுத்தாத்தா ஆற்காட்டுக்காரர் என்பார்கள். எந்த ஊர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வந்தவரின் பெயரோ அவர் அப்பா பெயரோதான் பிற்பாடு சர்நேமாக ஒட்டிக்கொண்டிருக்கும். கூலிகளின் விவரத்தை எழுதிவைத்த கப்பல் பட்டியலில் முனிசாமிகள் கொட்டிக் கிடக்கிறார்கள். பெயரை மட்டும் பிடித்துப் போனால் யாரோ ஒருவருக்குத் திவசம் கொடுப்பீர்கள்.

வீட்டில் இருக்கும் பழைய பிறப்பு, கல்யாணச் சான்றுகளை எடுங்கள். பெற்றோர் பெயர் அருகே ஒரு எண் இருந்தால் அதுதான் காலனி எண். அது கிடைத்தால் பட்டியலில் ஒரே வரியில் தகப்பன் பெயர், வயது, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருந்த தழும்பு வரை பார்க்கலாம். கிராமத்தின் பெயரை கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும்.

அப்புறம், வட ஆற்காடு என்றதும் வேலூருக்கு டிக்கெட் போடாதீர்கள். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை அந்தப் பக்கத்துத் தாலுகாக்கள் சிலவும் வட ஆற்காட்டில்தான் இருந்தன. உங்கள் ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம்.

கேள்வி (பினாங்கு): தாத்தா, எஸ்டேட்டுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவரும் கங்காணியோடு மலாயா வந்தவர். அவருக்கும் எண் உண்டா?

பதில்: நேட்டால் மாதிரி ஆளுக்கொரு எண் கிடையாது. எஸ்டேட் எது என்று பெரியவர்களிடம் கேட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: பெருமாள் என்பவரைத் தேடுகிறேன். டர்பனில் இருந்தார்.

பதில்: எண்?

கேள்வி: பட்டியலில் எங்கள் ஜாதியைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். எப்படித் திருத்துவது?

பதில்: திருத்த முடியாது. கப்பலேறுமுன் தங்கவைத்த டிப்போவில் வாயால் சொன்னதைத்தான் எழுதினார்கள். மறைத்துச் சொன்னவரும் உண்டு, உயர்த்திச் சொன்னவரும் உண்டு. சில வரிகளில் வெறுமனே கிறிஸ்தவர் என்றிருக்கும்.

மறுப்பு (இன்னொருவர்): எங்கள் முன்னோர் பொய் சொல்பவர்கள் அல்ல. பாட்டனார் பெயர் கப்பல் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அவர்கள் கூலிகளும் அல்ல, சொந்தக் காசில் வந்த வியாபாரிகள்.

பதில்: அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் குஜராத் பக்கத்தவர்கள். தமிழர் குறைவு, ஆனால் இருந்தார்கள். உங்கள் பாட்டனார் பெயர் கப்பல் பட்டியலில் இருப்பதாக நீங்களே சொல்கிறீர்கள். ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்குத்தான் அந்தப் பட்டியல். ஐந்து வருஷம் கரும்புக்காட்டில் உழைத்து, அப்புறம் காய்கறிக் கடை போட்டவரை ஏன் ஒளித்துவைக்க வேண்டும்? ஜாதிச் சண்டையை இத்தோடு நிறுத்துங்கள். இதற்கு வந்த மற்ற மறுப்புகளுக்கும் பதில் இல்லை.

கேள்வி: கோவிந்தர் குடும்பம், சேலம் ஜில்லா. விவரம் வேண்டும்.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): அம்மாச்சியின் கல்யாணச் சான்றில் எண் இருக்கிறது. எங்கே கேட்பது?

பதில்: அப்பாடா, ஒருவராவது! டர்பனில் குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கேளுங்கள். சான்றை நகல் எடுத்துக்கொண்டு போங்கள், அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.